தாழ்மை யாருக்குத் தகுதி?

கன்வென்ஷன் கூட்டம் முடிஞ்சு வெளியே வரும்போது வாசலில் மேசை போட்டுச் சின்னச் சின்னப் பிரசுரங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். அட்டையில் ஒரு மலை, ஒரு ஒற்றையடிப் பாதை, தூரத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆதிவாசி. உள்ளே, மிஷனரிக் குழுவில் சேர விரும்புகிறவனுக்கு இருக்க வேண்டிய குணங்கள் என்று ஒரு பட்டியல்: அழைப்பில் நிச்சயம், ஜெப ஜீவியம், தாழ்மை, கீழ்ப்படிதல், பொறுமை, குழுவோடு ஒத்துப்போகும் மனம், கிடைத்ததைச் சாப்பிடும் பழக்கம், புது பாஷை படிக்கும் ஆசை, கடைசியாக சேகரகுருவின் நற்சான்று. இப்படிப்பட்ட பிரசுரங்கள் கொஞ்சம் சேர்த்து வைத்துப் படித்தேன். இதெல்லாம் ஒரு எழுத்தா, இதுக்கு ஒரு விமர்சனமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நம்ம தெருக்களில் கவிதைத் தொகுதியைவிடவும் நாவலைவிடவும் அதிகமாகக் கைமாறுகிற எழுத்து இதுதான். பி.ஏ. முடிச்சிட்டு வேலை இல்லாமல் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இதை வரி வரியாகப் படிக்கிறார்கள், சிவப்பு மையில் அடிக்கோடு போடுகிறார்கள். வாழ்க்கையைத் தூக்கிக் கொடுக்கலாமா என்று முடிவு பண்ணுவதே இதைப் பார்த்துத்தான். அப்படியான எழுத்தை விமர்சிக்காமல் விட்டுவிட்டு எதை விமர்சிப்பது?

பட்டியல் எழுதுகிறவர் மனசுக்குள் ஓர் ஆள் இருக்கிறான். அவனுக்கு வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, நல்ல உத்தியோகம் இருக்கிறது, ஊருக்குள் நடந்தால் நாலு பேர் எழுந்திருக்கிற மரியாதை இருக்கிறது. அதையெல்லாம் உதறிவிட்டு இறங்கி வா என்று அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். விட்டுவிடுதல், இறங்குதல், தாழ்த்திக்கொள்ளுதல் என்று வினைச்சொல் எல்லாம் மேலே இருந்து கீழே வருகிறவனுக்கானது. ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டுக் கிடக்கிறவன் இந்தப் பட்டியலை எடுத்தால் எங்கே இறங்குவான்? இவனுக்குத் தாழ்மை குணமில்லை. பிறந்த அன்னைக்கே நெத்தியில் ஒட்டின சீட்டு. அதைக் கிழிக்கத்தான் இவன் தாத்தாவோ பூட்டனோ சிலுவைப் பக்கம் போனது. கிழிச்ச சீட்டை மறுபடி ஒட்டிக்கிட்டு வந்தால்தான் ஊழியத்துக்கு எடுப்போம் என்றால் என்ன அர்த்தம்?

என் பாட்டி பைபிள் உமனாக இருந்தவள். பெரிய எழுத்து வேதாகமத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நாலு ஊர் நடப்பாள். தாழ்மை பற்றி ஒரு தரம் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "குனிஞ்சே கெடக்கவளப் பாத்து இன்னுங் குனிங்காக. எங்குட்டுத்தா குனியிறது, தரதே முட்டுதுல்ல." அந்தப் பிரசங்கியார் ஒரு மணி நேரம் பேசியதற்கு இதைவிடச் சரியான உரை எனக்குத் தெரிந்து இல்லை.

தகுதி என்ற சொல் இந்த மண்ணில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். 1706ல் சீகன்பால்கு வந்து இறங்கிய இடம். அங்கிருந்து ஐரோப்பியர்கள் தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. உள்ளூர் உபதேசியார்கள்தான் போனார்கள். அவர்களில் ஒருவர் இராசநாயக்கன். பறையர். தஞ்சாவூர்ப் படையில் சேவகம் பார்த்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடி அச்சகத்தில் அடித்த தமிழ் சுவிசேஷப் புத்தகம் கையில் கிடைத்து, அதைப் படித்தே மனம் மாறியவர். யாரும் வந்து இவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பறையர் 1720களில் அச்சுப் புத்தகத்தைத் தானே படித்து ஒரு முடிவுக்கு வருகிறார். நம்முடைய வாசிப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். படைச் சேவகத்தை விட்டு முழுநேர உபதேசியார் ஆனார். மதம் மாறியதுக்காகப் பழைய சபைக்காரர்களிடம் அடிபட்டார். அந்தத் தாக்குதலில் அவர் அப்பா உயிரே போயிற்று. அதுக்குப் பிறகும் விடவில்லை. 1771ல் சாகும்வரை அதே வேலை.

இப்போது பிரசுரத்தின் பட்டியலை எடுத்து இவர் மேல் வைத்துப் பாருங்கள். அழைப்பு, பொறுமை, பாடு, வேத அறிவு, எதில் குறை? 1733ல் தரங்கம்பாடி மிஷன் முதன்முதலாக ஓர் இந்தியரைப் போதகராக அபிஷேகம் செய்ய முடிவெடுத்தது. ஆரோன் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேளாளர். அடுத்தது 1741ல் தியோகு. இராசநாயக்கன் பெயரும் அடிபட்டது. திறமையிலும் பக்தியிலும் அவர் மேல் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் நினைத்தார்கள். கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அதாவது அப்பம் தின்னப் போகிற வாயின் சாதிதான் அப்பம் கொடுக்கிற கையின் தகுதியைத் தீர்மானித்தது. தகுதி அவனிடத்தில் இல்லை, எதிரே இருக்கிறவனுடைய அருவருப்பில் இருந்தது. அன்னைக்கு இருந்த சூழ்நிலை அப்படி என்று சபை வரலாறு எழுதுகிறவர்கள் பூசி மெழுகுவார்கள். சூழ்நிலை என்கிற சொல்லுக்கு எப்பவும் ஒரு சாதிதான் இருக்கிறது. சேரிக்காரனுடைய சூழ்நிலையைக் கருதி யாரும் எதையும் மாற்றிக்கொண்டதாக நான் படித்ததில்லை.

ஆரோன் பெயரைப் படித்த கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். இராசநாயக்கன் பெயரைச் சொன்னால் யார் அது என்பார்கள். ஹாலே நகரத்துக்குப் போன மிஷன் அறிக்கைகளில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஜெர்மன்காரனுக்குத் தெரிந்த ஆள் நமக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு காலத்தில் இந்தத் தகுதிப் பரீட்சை தலைகீழாக நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1833ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கண்டிப்பாக ஒரு சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். இதுக்குச் சில வருஷம் முன்னாலேயே, சாதியை விடச் சொன்ன இளம் மிஷனரிகளுக்கு எதிராகத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பாட்டை இன்னைக்கும் நம்ம கோயிலில் பாடுகிறோம், ராகம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் 1847ல் மதுரையில் அமெரிக்க மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தது. சாதி பார்ப்பதில்லை என்று வாயால் சொன்னால் போதாது, கூடி உட்கார்ந்து, யார் சமைத்தது என்று பார்க்காமல் சாப்பிட்டுக் காட்டணும். அன்பின் விருந்து என்று பெயர். பந்தியில் உட்கார மறுத்த உபதேசியார்கள் பலர் வேலையை விட்டு நீங்க வேண்டி வந்தது. 1850ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் கிட்டத்தட்ட இதே நிலைக்கு வந்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும், சாதி சமூகப் பழக்கம், அதை இப்படி உடைக்கக் கூடாது என்று தனி வழி போனது.

இந்தப் பரீட்சையை எனக்குப் பிடிக்கிறது. ஜெபம் பண்ணுவியா, பணிவா இருப்பியா என்று மனசைத் துழாவுகிற கேள்வி இதில் இல்லை. இலை போட்டாச்சு, சோறு வச்சாச்சு, உட்காருறியா இல்லியா? அவ்வளவுதான். நடிக்க முடியாத பரீட்சை. பரீட்சை எழுதுகிறவன் மேல்சாதிக்காரன் என்பது இன்னும் விசேஷம். இருந்தாலும் என் கண் அடுப்படிப் பக்கமே போகிறது. அன்னைக்குச் சமைத்த பறையர் யார்? அவருக்கு அந்தப் பந்தியில் இலை போட்டார்களா? அவர் உபதேசியார் வேலைக்கு மனுப் போட்டிருந்தால் எடுத்திருப்பார்களா? மேல்சாதிக்காரனுடைய ஆன்மாவை அளக்க ஒரு அளவுகோல் தேவைப்பட்டது, நம்ம ஆள் அளவுகோலாக இருந்தார். அளக்கப்பட்டவர்கள் பற்றி எழுதியிருக்கிறார்கள். அளவுகோலைப் பற்றி எழுத வேண்டியது நம்ம வேலை. அந்தப் பரீட்சையும் நிலைக்கவில்லை. இன்றைய பிரசுரம் எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

ஏன் இல்லை என்பது எனக்கு அனுபவமாகத் தெரியும். வடக்கே ஒரு மலைப்பகுதிக்குப் போகும் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஒரு தரம் விண்ணப்பித்தேன். குழுவின் பெயர் இங்கே வேண்டாம். நேர்முகத்தில் மூணு பேர், நடுவில் ஓர் அம்மா, ரொம்ப அன்பானவங்க. முதல் கேள்வி எந்த ஊர். ஊரைச் சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே என்றேன். எந்த சேகரம், போதகர் யார், அப்பா என்ன வேலை. நாலாவது கேள்வியில் அவர்களுக்குத் தேவையான விடை கிடைத்துவிட்டது. சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. இதில் நம்ம கிறிஸ்தவர்கள் பெரிய விற்பன்னர்கள். பிறகு அந்த அம்மா கேட்டாங்க: "மலையில என்ன கெடைக்குதோ அதத்தான்மா சாப்பிடணும். எதையும் சாப்பிடுவியா?" சாப்பிடுவேன்ம்மா, மாட்டுக்கறி எங்க வீட்ல வாரந்தவறாம உண்டு என்றேன். மூணு பேரும் கையில் இருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தார்கள். கிடைத்ததைச் சாப்பிடும் பழக்கம் என்று அவர்களே அச்சடித்த தகுதி அது! அணிலைத் தின்னப் பழகிக்கொண்ட மிஷனரியின் சாட்சியைக் கண்ணீரோடு கேட்கிறவர்கள் அவர்கள். பழகிக்கொண்டால் தியாகம், பிறந்ததிலிருந்து தின்றால் அசிங்கம். ஜெபிச்சிட்டுச் சொல்லி அனுப்புறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. என் கூட வந்த, வேற தெருப் பொண்ணுக்கு ஒரு வாரத்தில் கடிதம் வந்தது.

வி.எஸ். அசரியா பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குழுவாகப் புறப்பட்டுப் போன கதையில் அவர்தான் தலைமாடு. நெல்லை வெள்ளாளன்விளைக்காரர். 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன்னால் நின்றவர். வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம்ம காசு, நம்ம ஆள் என்று தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். பின்னாடி அவரே போனார். 1912ல் முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயர். 1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு பேர் போனது. உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையே கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது சிநேகிதர்கள் என்ற பொருளில் வெள்ளை மிஷனரிகள் முகத்துக்கு நேரே கேட்டார். அன்றைக்குப் பல பேருக்குக் கோபம் வந்தது.

அந்தப் பேச்சைத் தலித்தாகப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. வெள்ளைக்காரன் இந்தியக் கிறிஸ்தவனோடு சரிசமமாகப் பழகவில்லை, உபகாரியாகவே நிற்கிறான் என்பது புகார். சேர்த்து உட்கார வைக்காமல் தர்மம் மட்டும் பண்ணுவது. இதே புகாரைச் சேரிச் சபை, ஊர்ச் சபையைப் பார்த்துச் சொல்லலாமே? அசரியா அதைக் கேட்க மறுத்தவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வேலை செய்ததே மாலா, மாதிகா மக்களிடம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் அவர்களோடு இருந்தார், அவர்களையே ஊழியர்களாக ஆக்கினார். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தலையில் கை வைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் உறுதி சொல்ல வைப்பாராம். நேர்முகம் இல்லை, நற்சான்று இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரன் மறுநாளே மிஷனரி. அவருடைய கருணைத் தொனியும், மக்களின் பழக்கவழக்கங்களைத் திருத்தியே தீருவேன் என்ற கண்டிப்பும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தகுதி விஷயத்தில் அந்த மனுஷன் இப்போதைய பிரசுரக்காரர்களுக்கு நூறு வருஷம் முன்னால் நிற்கிறார். அவர் பெயரில் நினைவுக் கூட்டம் நடத்துகிறவர்கள் அந்தப் பேச்சிலிருந்து சிநேகிதர்கள் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், யார் யாரைப் பார்த்து அதைக் கேட்டார் என்பதை விட்டுவிட்டார்கள்.

கீழ்ப்படிதல் என்ற அடுத்த குணத்துக்கு வருகிறேன். இதுக்குப் பாமாவின் 'கருக்கு'வைவிட நல்ல உரை கிடையாது. 1992ல் வந்த புத்தகம். முப்பது வருஷமா எல்லாரும் அதைத் தலித் தன்வரலாறு என்று பாடத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வழக்குமொழி, நினைவு, கிராமம் என்று ஆய்வேடு குவிகிறது. நான் அதை ஊழியத் தகுதி பற்றிய நூலாகவும் படிக்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கணும் என்று ஒரு பெண் வாத்தியார் வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேருகிறாள். பிரசுரம் கேட்கிற அழைப்பின் நிச்சயம் அவளிடம் முழுசாக இருக்கிறது. பயிற்சியில் இருக்கும்போதே, சில சபைகளில் அரிசனப் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று காதில் விழுகிறது. வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வசதியாக இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் பணக்காரப் பிள்ளைகளுக்கு நடக்கிறது, கூட்டிப் பெருக்குகிற வேலையில் நம்ம சனங்கள் நிற்கிறார்கள். கேள்வி கேட்டால் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை நினைவுபடுத்துகிறார்கள். ஏழு வருஷம் கழித்து வெளியே வருகிறாள்.

இங்கே விமர்சகர்கள் பெரும்பாலும் மடம் அவளை ஏமாற்றியது என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அதோடு முடியவில்லை. கீழ்ப்படிதலைக் குணம் என்று நம்பி உள்ளே போன பெண், அது யாருக்கு யார் போட்ட விதி என்று படித்துத் தெரிந்துகொண்டு வருகிறாள். பண்ணையார் வீட்டுத் தொழுவத்தில் அவள் பாட்டிக்குக் கேட்ட அதே கட்டளை மடத்தில் லத்தீன் வாசனையோடு கேட்கிறது. காது பழக்கப்பட்டது, அதனால் கண்டுபிடித்துவிட்டாள். சேரியில் வளர்ந்த அனுபவம் அவளுக்கு ஒரு தகுதியைக் கொடுத்திருந்தது. அதிகாரத்தின் குரலை எந்தப் பாஷையில் பேசினாலும் அடையாளம் காணுகிற தகுதி. அந்தத் தகுதிக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தால் குழுவோடு ஒத்துப்போகாத மனம் என்று எழுதிவிடுவார்கள்.

விட்டுவருதல் பற்றியும் ஒரு வார்த்தை. 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. கோயில் பதிவேட்டில் பெயர் எழுதின நிமிஷம் படிப்பும் வேலையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போவதற்கு நம்ம சனம் துணிந்தது. அதுக்குப் பிறகும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர். எறையூரில் தனிப் பங்கு கேட்டதுக்கு 2008ல் வீடு புகுந்து அடி. இவ்வளவு விட்டவனைப் பார்த்து, ஊழியத்துக்காக நீ எதை விட்டாய் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள்.

யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். தென் திருவிதாங்கூரில் மயிலாடிக்காரர் மகாராசன். சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் உறவினர்களைப் பார்க்கப் போன இடத்தில் கோலாப் ஐயரின் பிரசங்கம் கேட்டு, 1799ல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். எந்தச் சங்கமும் அனுப்பாமலே ஊருக்கு வந்து தன் சனங்களிடம் பேசினார். அடி வாங்கினார். பிறகு அவரே போய் மிஷனரியைக் கூப்பிட்டார். 1806ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அப்படித்தான். 1809ல் அங்கே கோயில் எழும்பியது. 1816ல் உடம்பு முடியாமல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது சபைகளை அவர் கையில்தான் விட்டுப் போனார். மீட் ஐயர் வந்து சேரும்வரை ஒரு தலித் தனியாக அத்தனை சபைகளையும் நடத்தினார். மிஷனரி தலித்தைத் தேடி வந்த கதையைத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே தலித் போய் மிஷனரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ரிங்கல்தௌபேயிடம் அவர் என்ன தகுதி பார்த்தார் என்று யாராவது ஆராயணும்.

எங்கள் சேகரத்தின் நூற்றாண்டு மலரில் தலைமையாசிரியர்கள் படம் இருக்கிறது, போதகர்கள் படம் இருக்கிறது, மணி வாங்கிக் கொடுத்தவர் படம்கூட இருக்கிறது. பாட்டி பெயர் இல்லை. மற்ற மூணு பைபிள் உமன்கள் பெயரும் இல்லை. இந்த இதழ் படிக்கிற தோழர்கள் வீட்டில் உபதேசியாராக, பைபிள் உமனாக, கோயில்குட்டியாக இருந்த பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன சம்பளம், யார் கையால் வாங்கினீங்க, எந்தத் தெருவில் எந்த வாசல்படி வரைக்கும் விட்டாங்க, தண்ணி எதுல குடுத்தாங்க, மிஷனரி வீட்டில் எந்த வாசல் வழியாப் போனீங்க. அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதி அனுப்புங்கள், திருத்த வேண்டாம்.